மூன்றரை டாலரும் முப்பதாயிரம் டாலரும்!

மேசைமீது காகித உறைகள். உறைகளுக்குள்ளே நோட்டுகள். எண்ணிப் பார்த்தால் 30,000 டாலர்!

எடுத்துக் காட்டியவர் திருடனை விரட்டிப் பிடித்த போலீஸ்காரரல்ல, சட்டசபை உறுப்பினர். காட்டிய இடம் களவுப் பொருளைக் குவித்து வைக்கும் காவல் நிலையமல்ல. மக்களுக்குச் சட்டம் செய்து தரும் மண்டபம். ஊர் ஹெலினா, அமெரிக்க நாட்டிலே மொன்டானா எனும் மாநிலத்தின் தலைநகர். ஆண்டு 1899, மாதம் ஜனவரி.

ஃபிரெட் வொயிட்சைடு என்பது அந்த உறுப்பினரின் பெயர். தன் வாக்கையும் தன்னோடு உட்கார்ந்திருப்போர் சிலருடைய வாக்கையும் வாங்குவதற்காகத் தன்னிடம் தரப்பட்ட பணம் இது என்று விசாரணைக் குழுவின் முன்னே சொன்னார். கொடுத்தது யாருக்காக? வில்லியம் கிளார்க் எனும் கோடீஸ்வரருக்காக. செம்புச் சுரங்கம் அவருடையது, வங்கி அவருடையது, பத்திரிகை அவருடையது. இவ்வளவும் இருந்தும் ஒரு குறை. வாஷிங்டன் நகரில் செனட் சபையில் ஒரு நாற்காலி இல்லை! அந்நாளில் செனட்டரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலச் சட்டசபை உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுப்பார்கள். 1913-இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை மக்களிடம் கொடுத்தார்கள். ஊர் முழுவதையும் வாங்குவது கடினம். நூறு பேருக்குக் குறைவான ஒரு கூட்டத்தை வாங்குவது, கையில் பணமிருந்தால், அவ்வளவு கடினமல்ல.

இந்த 30,000 டாலரை நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். கிளார்க்கின் செம்பு கிடைத்த ஊர் பியூட். உலகிலேயே செல்வம் கொழிக்கும் குன்று என்று பெயரெடுத்த ஊர். அந்தக் குன்றின் வயிற்றிலே இறங்கி, வெக்கையிலும் தூசியிலும் பாறையை உடைத்த தொழிலாளிக்கு நாள் கூலி மூன்றரை டாலர். அந்நாளைய அமெரிக்காவில் நல்ல கூலிதான், மறுக்கவில்லை. ஆண்டுக்கு 300 நாள், நோயில்லாமல், விபத்தில்லாமல் அவன் வேலைக்குப் போனான் என்றே வைத்துக்கொள்வோம். உண்ணாமல் உடுக்காமல் கூலி அத்தனையையும் சேர்த்து வைத்தாலும், அந்த மேசைமீது கிடந்த நோட்டுகளுக்கு ஈடாக 28 ஆண்டுக்கு மேல் உழைக்கவேண்டும். அந்த வேலையில் 28 ஆண்டு நுரையீரல் தாங்கினால்!

உறைகளைக் காட்டிய பிறகு என்ன நடந்தது? கிளார்க் தலைகுனிந்தாரா? இல்லை. இது எதிரிகளின் சதி என்று அவருடைய பத்திரிகை முழங்கிற்று. போதிய சாட்சியமில்லை என்று ஜூரிகள் கைவிரித்தனர். பணத்தைக் காட்டிய வொயிட்சைடுக்கோ, அவர் ஜெயித்த தேர்தலிலேயே வழக்குக் கிளப்பி, வாக்குகளை மறுபடி எண்ணி, பதவியைப் பறித்தார்கள். காட்டிக் கொடுத்தவர் வெளியே போனார். கொடுத்தவர் உள்ளே வந்தார். ஜனவரி 28-ஆம் நாள் 54 வாக்குகளோடு கிளார்க் செனட்டர் ஆனார். எதிர்க்கட்சிக்காரர்களிலும் 11 பேர் அவருக்கே வாக்களித்தார்கள். அவ்வளவு பெரிய மனமாற்றம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நாகரிகமல்ல!

ஆனால், வாஷிங்டனில் விசாரணை வந்தது. சாட்சிகள் வந்தார்கள். ஏழையாக ஹெலினாவுக்குப் போன உறுப்பினர் எப்படித் திடீரென்று கடனையெல்லாம் அடைத்தார், எப்படி நிலம் வாங்கினார் என்று கேள்விமேல் கேள்வி. இவர் செனட்டில் அமரத் தகுதியற்றவர் என்று செனட்டின் குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது. துரத்துவதற்கு முன்னால் தாமே போய்விடுவது மரியாதையல்லவா! 1900 மே 15-ஆம் நாள் கிளார்க் ராஜினாமா செய்தார்.

இந்த இடத்தில்தான் ஒரு கூத்து. மொன்டானா கவர்னர் ஸ்மித் கிளார்க்கின் பகைவர். அவரை ஏதோ வேலை சொல்லி மாநிலத்துக்கு வெளியே போகவைத்திருந்தார்கள். கவர்னர் ஊரில் இல்லையென்றால் அதிகாரம் துணைக் கவர்னர் கையில். அவரோ கிளார்க்கின் ஆள். ராஜினாமாவால் காலியான அந்த நாற்காலிக்கு, அதே நாளில், கிளார்க்கையே நியமித்துவிட்டார்! நம் ஊர்த் தெருக்கூத்துக் கட்டியங்காரன்கூட இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்திருக்கமாட்டான். கவர்னர் அலறியடித்துக்கொண்டு திரும்பி வந்து அந்த நியமனத்தை ரத்து செய்தார், வேறொருவரை நியமித்தார். செனட் சபை இருவரையுமே ஏற்கவில்லை.

இதோடு கிளார்க்கின் கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த ஆண்டே அவர் முறைப்படி செனட்டராகி, 1907 வரை அமர்ந்திருந்தார். எப்படி அது முடிந்தது? பணத்தால் மட்டுமா? அல்ல. தொழிலாளரின் வாக்கால்! நாம் சொல்ல வந்த செய்தி அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன், அந்தக் குன்றின்மேல் யார் யார் நின்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கிளார்க். இன்னொருவர் மார்க்கஸ் டேலி, அனகொண்டா சுரங்கத்தின் தலைவர். இருவருக்கும் பல்லாண்டுப் பகை. 1894-இல் தலைநகர் ஹெலினாவா, டேலி கட்டிய ஊராகிய அனகொண்டாவா என்று வாக்கெடுப்பு வந்தபோது, இருவரும் பணத்தைத் தண்ணீராய்க் கொட்டினார்கள். ஏறத்தாழ 2,000 வாக்கு வித்தியாசத்தில் கிளார்க் நின்ற பக்கம், ஹெலினா, ஜெயித்தது. தலைநகர் எது என்பதில் சுரங்கத்துக்குள் இருப்பவனுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. சுருட்டும் விஸ்கியும் சில நாள் இலவசமாகக் கிடைத்திருக்கும்.

1899-இல் நியூயார்க்கிலிருந்து மூன்றாவது யானை வந்தது. ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய்ச் சாம்ராஜ்யத்தின் பெரும்புள்ளிகள் சேர்ந்து, டேலியின் சுரங்கங்களையும் வளைத்துப் போட்டு, அமால்கமேட்டட் செம்புக் கம்பெனி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். இந்த யானையை எதிர்க்கக் கிளம்பியவர் ஹைன்ஸி எனும் இளைஞர். பேச்சுவன்மை உண்டு, சட்டத்தின் சந்து பொந்து தெரியும். உள்ளூர் நீதிபதிகளோ அங்கே தேர்தலில் நின்று வருபவர்கள். அவர்களில் சிலர் ஹைன்ஸியின் தயவால் வந்தவர்கள். கம்பெனிக்காரர் சட்டசபையை வளைத்தால், ஹைன்ஸி நீதிமன்றத்தை வளைத்தார். இவரை உத்தமர் என்று நாம் சொல்லமாட்டோம்.

இப்போது 1900 ஜூன் 13-க்கு வருவோம். பியூட் நகரில் அது சுரங்கத் தொழிலாளர் சங்க நாள். 1878 முதல் இயங்கிய சங்கம், கொடியும் மேளமுமாக ஆண்டுதோறும் ஊர்வலம் போகும் நாள். அன்று கிளார்க்கும் ஹைன்ஸியும் தொழிலாளருக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். தங்கள் சுரங்கங்களில் பத்து மணி நேர வேலை இனி எட்டு மணி நேரம். கூலியோ குறையாது, அதே மூன்றரை டாலர்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எட்டு மணி நேரம் என்பது உலகமெங்கும் தொழிலாளி கேட்டு, அடிபட்டு, சிறைப்பட்டு, சிகாகோவில் தூக்குமரமும் ஏறிக் கேட்ட வரம். அது பியூட்டில் ஒரு நாள் காலை ஊர்வலத்தின் நடுவே கையில் வந்து விழுகிறது. யார் கொடுத்தது? முந்தின ஆண்டு சட்டசபையை விலை பேசிய அதே கனவான்! பாதாளத்திலிருந்து மாலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக மேலே வந்து சூரியனைப் பார்த்தவனிடம் போய், "இது தேர்தல் லஞ்சமடா, வேண்டாம் என்று சொல்" என்று புத்தி சொல்ல எவருக்கு மனம் வரும்? நமக்கு வராது. அமால்கமேட்டட் சுரங்கத்தில் இருந்தவன் இன்னும் பத்து மணி நேரம் பாறை உடைத்துக்கொண்டிருந்தான். அவன் எந்தப் பக்கம் வாக்களிப்பான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா! அந்த ஆண்டு நவம்பரில் கிளார்க், ஹைன்ஸி கூட்டணிக்கு வாக்குகள் குவிந்தன. புதிய சட்டசபை 1901-இல் கிளார்க்கைச் செனட்டராக்கியது. அதே சட்டசபை எட்டு மணி நேர வேலையைச் சுரங்கங்களுக்குச் சட்டமாகவும் ஆக்கியது.

நல்லதுதானே நடந்தது என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். ஆம், நல்லது நடந்தது. ஆனால் நாற்காலி கிடைத்ததும் கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? ஹைன்ஸியைக் கைவிட்டார். நேற்றுவரை கொடும் பூதம் என்று அவர் தூற்றிய அமால்கமேட்டட் கம்பெனியோடு சமாதானம் செய்துகொண்டார். தொழிலாளியிடம் சொல்லிவிட்டா செய்தார்? எட்டு மணி நேரம் அவருடைய கொள்கையாக இருந்திருந்தால், கொள்கை எதிரியோடு போய்ச் சேர்ந்திருக்காது. அது விலை. விலை கொடுத்தாயிற்று, சரக்கு கைக்கு வந்தாயிற்று. கடைக்காரனோடு அப்புறம் என்ன பேச்சு!

மூன்றே ஆண்டில், சரக்கை விற்றவன் நிலை என்ன ஆயிற்று என்பது தெரிந்தது.

1903 அக்டோபர் 22. ஹைன்ஸி தொடுத்த வழக்கில் உள்ளூர் நீதிபதி கிளான்சி, அமால்கமேட்டட் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்த அன்றே கம்பெனி தன் சுரங்கங்களை மூடியது. உலைகளை அணைத்தது. மரம் வெட்டும் முகாம்களையும் மூடியது. ஏறத்தாழ 15,000 பேருக்கு வேலையில்லை! அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கூலி உயர்வு கேட்கவில்லை. வழக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. மலைநாட்டின் குளிர்காலம் வாசலில் நிற்கிறது. அடுப்புக்கு விறகு வாங்கக் காசில்லை.

கம்பெனி கேட்டது என்ன? கூலியைக் குறைக்கவேண்டும் என்றா? இல்லை. ஒரு சட்டம் வேண்டும் என்றது! நீதிபதி ஒருதலைப்பட்சமானவர் என்று வழக்காடுபவர் கருதினால் வேறு நீதிபதியைக் கேட்க வழி செய்யும் சட்டம். கவர்னர் சட்டசபையின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டவேண்டும், அதை நிறைவேற்றித் தரவேண்டும், பிறகுதான் சுரங்கம் திறக்கும்!

பியூட் நகர நீதிமன்றத்துப் படிக்கட்டிலே நின்று ஹைன்ஸி பேசினார். பத்தாயிரம் பேர் கேட்டார்கள் என்கிறது வரலாறு. கம்பெனியின் நோக்கத்தைக் கிழித்துக் காட்டினார். கைதட்டல் வானைப் பிளந்தது. ஆனால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவனை வரவேற்றது காலிப் பானையல்லவா! மூன்று வாரம் ஆயிற்று. கவர்னர் டூல் பணிந்தார். சிறப்புக் கூட்டம் என்றார். சுரங்கம் திறந்தது. டிசம்பரில் சட்டசபை கூடி, கம்பெனி கேட்ட சட்டத்தைக் கொடுத்துவிட்டுக் கலைந்தது.

நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்தச் சட்டம் கெட்ட சட்டமல்ல. ஒருதலை நீதிபதியிடமிருந்து தப்ப வழி இருக்கத்தான் வேண்டும். ஹைன்ஸியின் நீதிபதி அப்படிப்பட்டவர்தாம். நல்ல மருந்துதான். ஆனால் 15,000 குடும்பத்தின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அந்த மருந்துச் சீட்டை எழுதி வாங்கினார்கள். 1899-இல் சட்டசபையை வாங்க உறையில் நோட்டு வேண்டியிருந்தது. 1903-இல் ஒரு டாலர்கூட வேண்டியிருக்கவில்லை, கதவைச் சாத்தினாலே போதுமானதாக இருந்தது!

ஹைன்ஸி? அவர் 1906-இல் தன் சுரங்கங்களை அதே கம்பெனிக்கு, ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, விற்றுவிட்டுப் போய்விட்டார். படிக்கட்டின் கீழே நின்று கைதட்டியவர்களுக்குப் பங்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் குன்று ஒரே கம்பெனியின் கையில். பிற்காலத்தில் அதன் பெயர் அனகொண்டா. அந்த மாநிலத்து மக்கள் அதைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, "கம்பெனி" என்றாலே அதுதான். மாநிலத்தின் கழுத்தில் செம்புப் பட்டை மாட்டியிருக்கிறது என்பார்கள், நாய்க்குப் பட்டை மாட்டுவதுபோல. பெரிய நாளேடுகளில் பலவற்றைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது, 1959-இல்தான் விற்றது. அந்த ஏடுகள் பொய் எழுதின என்பதைவிட, எழுதவேண்டியதை எழுதவில்லை என்பதே பெரிய குற்றச்சாட்டு. உலகச் செய்தி வரும், வானிலை வரும், வேட்டைச் செய்தி வரும். சுரங்க வரியைப்பற்றி மட்டும் மூச்சு வராது.

வரி என்றதும் நினைவுக்கு வருகிறது. சுரங்கத்துக்கு அதன் நிகர வருமானத்தின் மேல்தான் வரி என்று மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே 1889-இல் எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டின் தலைவர் யார்? நம் கிளார்க்! செலவுக் கணக்கு எழுதுவது யார் பேனாவோ, நிகர வருமானம் அவர் சொன்னதுதானே! 1922-இல் ஏறத்தாழ 2 கோடி டாலர் மதிப்புள்ள உலோகத்தைத் தோண்டியெடுத்த சுரங்கங்கள், மாநில அரசுக்குக் கட்டிய வரி 14,000 டாலருக்கும் குறைவு. உழவனுடைய நிலத்துக்கு இப்படிச் சலுகை கிடைத்ததில்லை. 1919-இல் லூயி லெவின் எனும் பேராசிரியர் இந்த வரி விவகாரத்தை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். மாநிலப் பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. ஊர் சிரித்த பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டது. ஜோசப் டிக்சன் எனும் கவர்னர் வரியை உயர்த்தப் பார்த்தார். கம்பெனி ஏடுகள் அவரைக் கடித்துக் குதறின. 1924 தேர்தலில் தோற்றார். வேடிக்கை என்னவென்றால், அதே நாளில், அதே மக்கள், அவர் கேட்ட சுரங்க வரியை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிட்டார்கள்!

சுரங்கத்துக்குள்ளே என்ன நிலைமை? 1914-இல் பியூட் சங்கத்துக்குள் பிளவு. சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சங்கத்தை அங்கீகரிக்கமாட்டோம் என்று கம்பெனிகள் சொல்லிவிட்டன. இருபதாண்டு கழித்து, 1934 வேலைநிறுத்தத்தில்தான் அங்கீகாரம் திரும்பியது. இடையில், 1917 ஜூன் 8. ஸ்பெகுலேட்டர் எனும் சுரங்கத்தில் தீ. அது அனகொண்டாவின் சுரங்கமல்ல, வேறொரு கம்பெனியுடையது. 168 பேர் மாண்டார்கள். சுரங்கங்களுக்கு இடையே கட்டும் தடுப்புச் சுவரில் தப்பிக்கக் கதவு இருக்கவேண்டும் என்பது சட்டம். கான்கிரீட் சுவர் இருந்தது, கதவு இல்லை. சட்டம் இருந்தது, கேட்பாரில்லை. அந்தச் சுவரருகே பிணங்கள் கிடந்தன.

இத்தனைக்கும் நடுவே அந்த மக்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். சட்டசபை செய்யாததை மக்களே எழுதி, கையெழுத்துத் திரட்டி, வாக்கெடுப்பில் சட்டமாக்கும் வழி அங்கே 1906 முதல் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு 1912-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்தக் கம்பெனியும் எந்த வேட்பாளரையோ கட்சியையோ ஆதரித்தோ எதிர்த்தோ பணம் செலவிடக்கூடாது! கிளார்க்கின் உறைகளையும் 1903-இன் குளிர்காலத்தையும் மறக்காத கை எழுதிய சட்டம் அது. அதனால் கம்பெனியின் பிடி உடனே தளர்ந்ததா? இல்லை, மேலே கண்டோம். தேர்தலில் கொடுக்க முடியாததைச் சட்டசபைத் தாழ்வாரத்தில் கொடுத்தார்கள். 'லாபி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே தாழ்வாரம் என்றுதான் பொருள். உறுப்பினர் உள்ளே போகுமுன் அங்கே அவரை மடக்கிக் காரியம் பேசும் ஆளுக்கு 'லாபியிஸ்ட்' என்று பெயர் வந்தது அதனால்தான். என்றாலும் தேர்தல் பெட்டிக்கும் கம்பெனிப் பெட்டிக்கும் நடுவே ஒரு சுவர் நின்றது. நூறாண்டு நின்றது!

இடித்தவர் யார்? சுப்ரீம் கோர்ட். 2010 ஜனவரியில், 'சிட்டிசன்ஸ் யுனைட்டெட்' வழக்கில், வேட்பாளரிடம் நேரடியாகக் கொடுக்காமல் தனியே நின்று பிரசாரம் செய்வதானால் கம்பெனிகள் எவ்வளவும் செலவிடலாம் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நான்கு பேர் கூடாதென்றார்கள். பணம் செலவிடுவதும் பேச்சுரிமையாம்! தொழிற்சங்கங்களுக்கும் அதே உரிமை உண்டு என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பேஷ்! யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவு வாசல். சந்தாவாக வரும் சில்லறையைத் திரட்டும் சங்கமும், உலகச் சந்தையில் விற்று வரும் கோடிகளை வைத்திருக்கும் கம்பெனியும் இனிச் சமம்!

மொன்டானா பணியவில்லை. எங்கள் மாநிலத்தின் வரலாறு வேறு, நாங்கள் பட்டது வேறு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2011 டிசம்பர் இறுதியில் தீர்ப்பளித்து, 1912 சட்டத்தைக் காப்பாற்றியது. செம்புச் சீமான்களின் கதையையே அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள். வாஷிங்டன் என்ன செய்தது? வாதம்கூடக் கேட்கவில்லை. 2012 ஜூன் 25, மறுபடி ஐந்துக்கு நான்கு, ஒரு சிறு உத்தரவு. சட்டம் செத்தது. மக்கள் வாக்களித்துக் கட்டியதை ஐந்து பேர் இடித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில், கம்பெனி மனிதனல்ல என்று ஒரு தீர்மானத்துக்கு மொன்டானா மக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் வாக்களித்தார்கள். மனக்குமுறலைச் சொல்லிக்கொள்ள உதவியது, சட்டம் திரும்பவில்லை.

அந்த வழக்கைத் தொடுத்த அமைப்பைப்பற்றி ஒரு செய்தி உண்டு. யார் பணம் தருகிறார்கள் என்பதை நாங்கள் வெளியிட வேண்டியதில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிப் பணம் திரட்டிய அமைப்பு அது. அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாகக் கொலராடோ மாநிலத்தில், போதை மருந்துக்காரர் புழங்கிய ஒரு வீட்டிலே கண்டெடுக்கப்பட்டன! அவை மொன்டானா அதிகாரிகளிடம் வந்தன. தனியே நின்று பிரசாரம் செய்வதாகச் சொன்னவர்கள், வேட்பாளர்களோடு கலந்து கடிதமும் துண்டறிக்கையும் தயாரித்துக் கொடுத்தார்கள் என்ற வழக்குகள் கிளம்பின. 2016-இல் ஒரு சட்டசபை உறுப்பினர் சட்டவிரோத உதவி பெற்றார் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 68,000 டாலருக்கு மேல் அபராதம். அவருக்கு உதவியவர்கள் யார் தெரியுமா? தொழிற்சங்கங்களின் வருவாயை அறுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தேசிய அமைப்போடு சேர்ந்தவர்கள்!

இதைத்தான் தொழிலாளத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பணம் சும்மா வருவதில்லை. கிளார்க்கின் பணம் நாற்காலி தேடி வந்தது. இன்றைய பணம் சட்டம் தேடி வருகிறது. மொன்டானா சட்டசபையில் 150 உறுப்பினர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை, 90 நாள்தான் கூடுவார்கள். உழவர், கடைக்காரர், ஆசிரியர் எனப் பலதரப்பட்டோர். மசோதா எழுத அவர்களுக்கென்று பெரிய அலுவலகமா இருக்கிறது? எழுதிக் கையில் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். 1973 முதல் இயங்கும் 'அலெக்' எனும் மன்றத்தில் மாநில உறுப்பினர்களும் கம்பெனிப் பிரதிநிதிகளும் கூடி உட்கார்ந்து மாதிரி மசோதாக்களைத் தயாரிக்கிறார்கள். மாநிலத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பல சட்டசபைகளில் கொண்டுவர முடியும். அந்த மாதிரிகளில் ஒன்றின் பெயர் 'வேலைக்கு உரிமை'. பெயர் இனிக்கிறதல்லவா? சங்கம் போராடி வாங்கும் ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கலாம், சங்கத்துக்கு ஒரு காசு தரவேண்டாம் என்பதுதான் அந்த 'உரிமை'. சங்கத்தைப் பட்டினி போட்டுச் சாகடிக்கும் வழி. 1903-இல் குடும்பங்களுக்குச் செய்ததைச் சங்கத்துக்குச் செய்வது.

உறைகளின் காலத்தில் தொகை எவ்வளவு என்று மலைத்தோம். 2024-இல் அதே மொன்டானாவில் ஒரு செனட் நாற்காலிக்காக இரு தரப்பும் அவர்களுக்கு வெளியே நின்ற குழுக்களும் செலவிட்டது 25 கோடி டாலருக்கு மேல். வாக்களித்தோர் ஏறத்தாழ ஆறு லட்சம். ஒரு வாக்குக்கு 400 டாலருக்கு மேல் விழுகிறது! ஒரு டாலர்கூட வாக்காளர் கைக்குப் போகவில்லை, தொலைக்காட்சிக்குப் போயிற்று. கிளார்க் இருந்திருந்தால் பொறாமையால் வெந்திருப்பார். லாஸ் வேகாஸ் நகரம் இருக்கும் மாவட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான் என்பதை எண்ணி ஆறுதலடைந்திருக்கலாம்.

2021-இல் அந்த 'வேலைக்கு உரிமை' மசோதா ஹெலினாவுக்கு வந்தது. குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த சபை. கவர்னரும் அதே கட்சி. முடிந்துவிட்டது காரியம் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மார்ச் மாதம், வாக்கெடுப்பு நாளில், பார்வையாளர் மாடம் தொழிலாளர்களால் நிறைந்திருந்தது. அவரவர் தொகுதி உறுப்பினருக்கு மேலேயிருந்து தெரியும்படி உட்கார்ந்தார்கள். தாழ்வாரம் இம்முறை அவர்களுடையது. வாக்கெடுத்தார்கள்: ஆதரவு 38, எதிர்ப்பு 62. ஆளுங்கட்சியிலேயே பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். மேலே மாடத்திலிருந்து கைதட்டல் எழுந்தது.